இடதுபக்கச் சுவரில் என் மனைவி

என் மனைவிக்கு மாதச் சம்பளம் கொடுத்தது முணுமுணுப்பதற்காக. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை அதுதான். நாடகம் நடக்கும்போது நடிகருக்கு வசனம் மறந்துபோனால், பார்வையில் படாமல் நின்று அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். தேசிய அரங்கத்தில் அவள் பார்த்தது அந்த வேலை. அங்கே இருக்கிறவர்கள் அவளை ‘மூச்சக்கா’ என்று கூப்பிடுவார்கள். அவள் சொல்வது குரலே இல்லை, வெறும் மூச்சு என்பார்கள்.

நானோ பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளின் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டே தொண்டை பழகிவிட்டது. நான் மெதுவாகப் பேசினாலே எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். எங்கள் வீட்டில் சண்டை வந்தால் என் கட்சி மட்டும்தான் வெளியே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் மாடிப்படியில் நிறுத்தி, “ஏன் சார், தனியா நின்னு யார்கூட சண்டை போடுறீங்க?” என்று அக்கறையாகக் கேட்டார்.

“ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க,” என்று அவளைச் சீண்டுவது எனக்கு வாடிக்கை. அவளும் சிரிப்பாள். இப்போது அந்தப் பழமொழியை நான் சொல்வதில்லை. அவள் அதை நிஜம் என்றே நம்புகிறாள். பேசாமல் இருந்து ஒரு மனிதரைக் கெடுத்துவிட்டோம் என்று சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். நான் எவ்வளவு வாதாடியும் அந்த நினைப்பை அவள் நெஞ்சிலிருந்து அசைக்க முடியவில்லை.

தேசிய அரங்கத்தைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. உள்ளே போகாதவர்கள்தான் நிறையப் பேர். பெரிய சதுக்கம், அதன் நடுவே சாம்பல் நிறத்தில் வெறும் கான்கிரீட். பூச்சு கிடையாது, வண்ணம் கிடையாது. கான்கிரீட் ஊற்றும்போது அடைத்த பலகைகளின் ரேகைகள்கூடச் சுவரில் அப்படியே நிற்கும். முதலில் பார்த்தபோது காசு தீர்ந்து பாதியில் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். “ஏம்மா, எப்பப் பூசுவாங்க?” என்று கேட்டேன். “அதுதாங்க முடிஞ்ச வேலை,” என்றாள். முன்பக்கம் மட்டும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. சாயங்காலம் உள்ளே விளக்கைப் போட்டால், அகலப் படிக்கட்டில் ஏறி இறங்குகிற அத்தனை பேரும் சதுக்கத்திலிருந்து தெரிவார்கள். பார்க்க வருகிறவர்களையும் ஊர் பார்க்கட்டும் என்று கட்டடக் கலைஞர் அப்படி வைத்தாராம். அவளை அழைத்துப்போக வேனில் காத்திருப்பவனுக்கு அந்தக் காட்சி ஓசி.

அந்தக் கட்டடக் கலைஞருக்குக் கொள்கைப் பிடிப்பு அதிகம். அதற்கு முன்பு நாடகம் என்றால் பணக்காரர்களின் மன்றத்தில் நடப்பது. அங்கே மாடம், மாடத்தில் திரை, திரைக்குப் பின்னால் பிரமுகர். புது நாட்டுக்குப் புது அரங்கம் என்று முடிவானதும், “இங்கே மாடமும் இல்லை, தூணும் இல்லை. ஒரே சரிவு, ஒரே மாதிரி நாற்காலி. முதல் வரிசையில் கேட்பது கடைசி வரிசையிலும் கேட்கும்,” என்று திறப்பு விழாவில் பேசினாராம். சொன்னபடியே செய்தார். நம் கதையை நம் மொழியில் பார்க்க நமக்கென்று ஒரு இடம் என்று அன்றைக்கு ஜனம் பெருமைப்பட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பகல் காட்சி இலவசம் என்று வைத்தார்கள். நானே வேன் வேனாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். நடிகரின் பெருமூச்சுகூடக் கேட்டது என்று பிள்ளைகள் திரும்பும்போது சொல்லும்.

அந்தப் பெருமைதான் என் மனைவிக்கு வினையாக வந்தது. பழைய மன்றத்தில், எடுத்துக் கொடுப்பவருக்கென்று மேடையின் முன் ஓரத்தில் ஒரு குழியும் அதற்கு மரத்தில் ஒரு மூடாக்கும் இருந்தன. புது அரங்கத்தில் அது கிடையாது. மேடைக்கும் மக்களுக்கும் நடுவில் யாரும் ஒளிந்திருக்கக் கூடாது என்பது கட்டடக் கலைஞரின் கொள்கை. நாடகப் பிரதிகளைத் தட்டச்சு செய்ய வந்து, பிறகு இந்த வேலைக்கு மாறியவள் இவள். இடம் எங்கே என்று கேட்டதற்கு, மேடையின் இடதுபக்கம் இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவு சந்து ஒன்றைக் காட்டினார்கள். நடிகர் சபையைப் பார்த்து நின்றால் அவருக்கு இடதுபக்கம். குழாய் போவதற்காக விட்ட இடம்.

அங்கே நின்று முதல் நாள் அவள் ஒரு நடிகைக்கு ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தாள். கடைசி வரிசையில் இருந்தவன் சிரித்துவிட்டான். நடிகைக்குக் கேட்பதற்கு முன்னால் அவனுக்குக் கேட்டிருக்கிறது. மொத்த அரங்கமும் சேர்ந்து சிரிக்க, அந்த நடிகை இவளோடு அதற்கப்புறம் பேசவே இல்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அழுதாள். அவளைக் காப்பாற்றியது ஒரு தச்சர். மேடையின் இடதுபக்கச் சுவர் நேர்ச்சுவர் அல்ல. அவள் நிற்கும் சந்தில் ஆரம்பித்து, உள்வாங்கி வளைந்து, மேடையின் முன் ஓரம்வரை போகும். அந்த முன் முனையில் உட்கார்ந்து தரைப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர், தன் மாமியாரை வாய்க்குள்ளேயே திட்டியிருக்கிறார். சந்தில் இவள் காதில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக விழுந்திருக்கிறது. நடுமேடையில் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இவள் சுவரைப் பார்த்துத் திரும்பி, மூச்சாலேயே, “ஐயா, அவங்களும் ஒரு தாய்தானே,” என்றாள். தச்சர் சுத்தியலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார்.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள், எங்கள் அரங்கத்துச் சுவருக்கு வாயும் இருந்தது. அன்றிலிருந்து அவள் சுவரைப் பார்த்தபடிதான் வேலை செய்தாள். மறந்துபோன நடிகர் இயல்பாக நடந்து முன் முனைக்கு வந்துவிட்டால் போதும், அவருடைய இடது காதில் சொல் வந்து விழும். சபைக்கு ஒரு பொட்டும் கேட்காது. நடிகர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அது, கட்டியவருக்கே தெரியாது.

இந்த வேலைக்கு ஒரு தர்மம் உண்டு. யார் மறந்தார், எங்கே மறந்தார் என்று வெளியே மூச்சுவிடக் கூடாது. இயக்குநரிடம் கூடாது, சக நடிகரிடம் கூடாது. “மறந்தவங்க பேரைச் சொன்னா அப்புறம் யாரு நம்பி நம்ம பக்கம் வருவாங்க?” என்பாள். வீட்டில் நான் எவ்வளவோ தூண்டிப் பார்த்திருக்கிறேன். கிணற்றில் போட்ட கல்தான். ஊரே புகழ்கிற நடிகர்களின் தடுமாற்றம் எல்லாம் அவளுக்குள்ளேயே கிடந்தது, அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

சக்கரவர்த்தி என்று நாங்கள் சொல்வது அந்த அரங்கத்தின் பெரிய நடிகரை. முடிசூடும் வேஷம் எல்லாம் அவருக்கே போகும் என்பதால் ஊர் வைத்த பட்டம். திறப்பு விழா நாடகத்தில் இளவரசனாக நடித்தவர், அங்கேயே நரைத்தார். அவருக்கு மட்டும் என் மனைவி வேலை செய்யத் தேவையே இருந்ததில்லை. பக்கம் பக்கமாக வசனத்தைப் பிசகாமல் சொல்வார். முடிந்ததும் சந்துப் பக்கம் வந்து, “என்ன தங்கச்சி, இன்னைக்கும் உனக்கு லீவு குடுத்துட்டேன் பாத்தியா?” என்பார். அவளும், “ஐயா புண்ணியத்துல கால் வலிதான் மிச்சம்,” என்பாள்.

பிறகு ஒரு பருவத்தில் அவள் வீட்டிலும் உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. “என்ன ஜபம்?” என்று கேட்டால், “சும்மா, வசனம்,” என்பாள். பிரதி கையில் இருக்கும்போது எதற்கு மனப்பாடம் என்று எனக்குப் புரியவில்லை. பிரதியைப் பார்த்துச் சொல்ல நேரம் போதாதபடி ஒருவர் மறக்கிறார் என்று நான் எப்படிக் கண்டேன்? வீட்டுக்கு வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பாள். நாடகம் பூராவும் மூச்சிலேயே பேசினால் நாக்கு வறண்டுதானே போகும்.

அதே பருவத்தில்தான் பத்திரிகைகள் சக்கரவர்த்தியைக் கொண்டாடின. முன்பெல்லாம் மேடை முழுவதும் உலாவுவாராம், இப்போது முக்கியமான கட்டங்களில் முன் ஓரத்துக்கு வந்து, லேசாகத் தலையைச் சாய்த்து, ஒரு கணம் அசையாமல் நின்று பிறகு பேசுகிறாராம். ‘முதுமை கற்றுத்தந்த நிதானம்’ என்று ஒரு விமர்சகர் எழுதியிருந்தார். நான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் என் கையிலிருந்து பத்திரிகையை வாங்கி, மடித்து, குப்பைக் கூடைக்குள் போட்டாள். என்ன திமிர் இவளுக்கு என்று எனக்குக் கோபம் வந்தது.

உண்மை வெளியே வந்தது அரங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி. புதிதாக வந்த நிர்வாகிக்கு அந்தக் கான்கிரீட் பிடிக்கவில்லை. புது ஒலிபெருக்கிகள் வைத்தார், எதிரொலி வரக் கூடாது என்று சுவர்களில் கனமான கம்பளிப் பலகைகளை அறையச் சொன்னார். வலதுபக்கம் முடித்து, இடதுபக்கமும் முடித்துவிட்டார்கள். அன்றைக்கு வேனில் ஏறி உட்கார்ந்தவள் கதவைச் சாத்தவில்லை.

“சுவரை மூடிட்டாங்க,” என்றாள்.

“மூடட்டுமே. உங்கப்பன் வீட்டுச் சுவரா?”

அவள் அழ ஆரம்பித்தாள். நான் என்ஜினை அணைத்தேன். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். சக்கரவர்த்திக்கு ஒரு சொல், ஒரு வரி என்று மறக்க ஆரம்பித்தது, இப்போது எந்த நாடகம் என்பதே சில சமயம் மறந்துவிடுகிறதாம். முன் முனைக்கு வந்து நின்றால் இவள் முதல் சொல்லைக் கொடுப்பாள். அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார். பிறகு முதல் வரியையே கொடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் முழு வசனத்தையும். அவர் வாய்க்கு ஒரு மூச்சு முன்னால் இவள் மூச்சு போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஊர் கைதட்டியது. திரை விழுந்ததும் அவர் வந்து, “இன்னைக்கும் உனக்கு லீவு, தங்கச்சி,” என்பாராம். விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா என்று இவளுக்குத் தெரியவில்லை.

“அவரு வீட்டுல சொல்ல வேண்டியதுதானே?”

“எப்படிங்க சொல்றது? சொன்னா மேடையை விட்டு இறக்கிடுவாங்க. இறக்கினா அந்த மனுஷன் என்னத்துக்கு ஆவார்?”

“அது சரி, நாளைக்கு நீ இல்லாத இடத்துல மறந்தா? ரோட்டுல மறந்தா?”

அவள் மறுநாள் நிர்வாகியிடம் போய் இடதுபக்கப் பலகைகளை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஏன் என்று கேட்டாராம். நிஜக் காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. கம்பளித் தூசி தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் வருகிறது என்றாள். அவர் இருமல் மருந்துக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லி அனுப்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே பழகியவள், அதை எடுத்துக் காட்ட வேண்டிய நாளிலும் மறைத்தாள்.

ஆண்டு விழா நாடகம் பகல் காட்சி. ஊழியர் குடும்பத்துக்கு இலவச நுழைவு என்றார்கள். நான் உள்ளே போனதே அன்றுதான். கடைசி வரிசை. கட்டடக் கலைஞர் பொய் சொல்லவில்லை. அந்தச் சரிவில் யார் தலையும் யாருக்கும் மறைக்கவில்லை. எனக்கு முன்னால் மந்திரியின் தலையும் துப்புரவு செய்கிற அக்காவின் தலையும் ஒரே வரிசையில் தெரிந்தன. மேலே கூரை சதுரம் சதுரமாகக் குழிந்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு விளக்கு. இத்தனை வருஷம் இதற்கு வெளியேயா உட்கார்ந்திருந்தோம் என்று தோன்றியது. ஆனால் என் கண் இடதுபக்கச் சந்தை விட்டு அகலவில்லை.

ஆற்றைத் திருப்பிவிட்ட ஒரு மன்னனின் கதை. தலைநகருக்கு அழகாக இருக்கட்டும் என்று ஆற்றைத் திருப்புகிறான், கீழே இருக்கிற ஊர்கள் காய்ந்துபோகின்றன. வயதான பிறகு தனியாக அந்த ஊர்களுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறான். முதல் பாதியில் மன்னனுக்கு வசனம் குறைவு, எப்படியோ ஓடிவிட்டது. மன்னன் காய்ந்த ஊருக்கு வரும் கட்டத்தில் சக்கரவர்த்தி பேச வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

முன் முனைக்கு நடந்து வந்தார். தலையைச் சாய்த்தார். என் மனைவி சுவரைப் பார்த்துச் சொல்லியிருப்பாள், எனக்குத் தெரியும். கம்பளி அதை உறிஞ்சிக்கொண்டது. அவர் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். சுவர்வரை போய், கம்பளியின் மேல் இடது காதை வைத்தார். உள்ளங்கையால் தடவினார். பிறகு அந்தப் பெரிய குரலில், வேஷமே இல்லாமல், “எங்க போயிட்டே?” என்றார்.

அரங்கத்தில் ஒருவரும் அசையவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னன் ஆற்றைத் தேடுகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். “எங்க போயிட்டே? சொல்லேன்,” என்று சுவரைக் கெஞ்சினார். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

அப்போது ஒரு குரல் வந்தது. “நான் திருப்பியது ஆற்றை மட்டும் அல்ல!” கணீரென்று, உடைந்து, அரங்கம் முழுவதும் கேட்கும்படி. யார் குரல் என்று எனக்கு முதலில் பிடிபடவே இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் என் மனைவி சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

சக்கரவர்த்தியின் முகம் தெளிந்தது. “நான் திருப்பியது ஆற்றை மட்டும் அல்ல. உங்கள் முகங்களையும்தான்,” என்று தொடங்கினார். ஒவ்வொரு வரியையும் அவள் உரக்கச் சொல்ல, அவர் உரக்கச் சொல்ல, கட்டம் முடிந்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. மன்னனின் மனசாட்சிக்கு ஒரு பெண் குரல் கொடுத்தது புதுமை என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது. கொடுமையைப் பாருங்கள்.

திரைக்குப் பின்னால் நான் ஓடிப்போனபோது அவர் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிரீடத்தைக் கழற்ற விடவில்லை. “நாடகம் எப்பம்மா ஆரம்பிக்கும்?” என்று என் மனைவியிடம் கேட்டார். “ஆரம்பிச்சதும் நீ பக்கத்துலயே இரு.” அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவமனையில் பெரிய டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, மறதி நோய் முற்றியிருக்கிறது, ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் மருந்தால் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாம் என்றாராம். இதை அரங்கத்தில் யாரோ சொல்ல, இவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்துதான் சாப்பாடு இறங்கவில்லை.

நானும் விடவில்லை. “நீ என்ன டாக்டரா? நல்லதுதானே பண்ணே? நீ இல்லேன்னா அந்த மனுஷன் எப்பவோ மேடையில அவமானப்பட்டிருப்பார்,” என்று கத்தினேன். “அப்பவே அவமானப்பட்டிருந்தா அப்பவே பாத்திருப்பாங்க,” என்றாள் மெதுவாக. நான் இன்னும் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

“அவங்க வீட்டம்மாகிட்ட நான் போய் சொல்லணும்,” என்றாள் ஒரு நாள் காலையில்.

“சொல்லி? நோய் போயிடுமா? அடி வாங்கிட்டுத்தான் வரணும்.”

“வாங்கிட்டு வரேன்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து அவளை ஏற்றிக்கொண்டேன்.

சக்கரவர்த்தியின் வீடு ஒரு பழைய அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. அரண்மனையை எதிர்பார்த்துப் போனேன். நீளமான கூடம், வெயில் விழுகிற ஜன்னல், அதற்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டு வந்தார். முடிந்ததும் கீழிருந்து மேலே கழற்றினார். எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். யாரென்று தெரிந்த மாதிரி இல்லை. என் மனைவி அவருக்கு இடதுபக்கம், சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். பழக்கம்.

அவருடைய மனைவி கெட்டிக்காரப் பெண்மணி என்று பார்த்த உடனே தெரிந்தது. கணுக்காலில் நீர் கோத்திருந்தது, ஆனால் நடையில் தளர்ச்சி இல்லை. “உக்காருங்க. அரங்கத்துலேர்ந்து யாரும் இப்ப வர்றதில்ல,” என்றார்.

என் மனைவி சுற்றி வளைக்கவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னாள். முதல் மறதி, சுவர், முழு நாடகத்தையும் மூச்சிலே கொடுத்தது, யாரிடமும் சொல்லாமல் இருந்தது. “எனக்கு அப்பவே தெரியும்மா. தெரிஞ்சும் மறைச்சேன். அவர் நல்லதுக்குன்னு நெனச்சேன். என்னாலதான் இவ்வளவு முத்திப்போச்சு.”

அந்தம்மா எதிரே நின்றபடியே கேட்டார். திட்டுவார், வெளியே போ என்பார் என்று நான் தயாராக இருந்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப அந்த வசனமெல்லாம் நீ சொன்னதா?”

“ஆமாம்மா.”

“எல்லாமேவா?”

“கடைசியில எல்லாமே.”

அந்தம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேசினார், நிதானமாகத்தான் பேசினார்.

“ஒரு நாள் காலையில என்னைப் பாத்து, ‘நீங்க எப்ப வந்தீங்க?’ன்னு கேட்டார். விளையாடறார்னு நெனச்சேன். அப்புறம் என் பேர் வரல. எங்க கல்யாண நாள் தெரியல. டாக்டர்கிட்ட போகலாமான்னு யோசிச்சேன். அன்னைக்கு சாயங்காலம் அரங்கத்துக்கு வந்து உக்காந்து பாத்தேன். மூணு மணி நேரம், ஒரு எழுத்து பிசகல. அப்ப எனக்கு என்ன தோணும், நீயே சொல்லு. ஊருக்கெல்லாம் ஞாபகம் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. இவருக்கு நான் வேணாம். அதை இப்படிக் காட்டறார்னு நெனச்சேன்.”

என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

“படுக்கையை அந்த ரூமுக்கு மாத்திக்கிட்டேன். பேச்சை நிறுத்தினேன். அவர் சமையல்கட்டு வாசல்ல வந்து நிப்பார். ஏதோ கூப்பிடணும்னு வாய் திறப்பார், வராது. எனக்குத் தெரியும் வரலேன்னு. இருந்தும் வேணும்னே பண்றார்னு நெனச்சு பாத்திரத்தை சத்தமா கழுவுவேன். எவ்வளவு நாள் அப்படி நின்னிருக்கார் தெரியுமா அந்த மனுஷன்? அவருக்கு ஞாபகம் கொஞ்சமாவது இருந்த நாளெல்லாம் நான் பேசாமலே போயிடுச்சு.”

“என்னாலதாம்மா,” என்றாள் என் மனைவி.

“ஆமா,” என்றார் அந்தம்மா. “உன்னாலதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தேன். என் மனைவி முக்காலியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாதாட வந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் தண்டனை கேட்டு வரவில்லை, மன்னிப்பும் கேட்டு வரவில்லை. இத்தனை நாள் தன் நெஞ்சில் தெரிந்ததைவிடப் பெரிதாக அது இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு நோயாளியை மறைத்தோம் என்று நினைத்திருந்தாள். ஒரு பெண்ணிடமிருந்து அவள் புருஷனை மறைத்திருக்கிறாள்.

சாய்வு நாற்காலியில் இருந்தவர் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார். கூடத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், உபசரிக்க வேண்டும் என்று ஏதோ பழைய மரியாதை அவருக்குள் எழுந்திருக்கும். எதிரே நிற்கும் தன் மனைவியைப் பார்த்து வாயைத் திறந்தார். கூப்பிட வேண்டும். சொல் வரவில்லை. உதடு தவித்தது. பிறகு தலை இடதுபக்கம் லேசாகச் சாய்ந்தது.

என் மனைவியின் உதடுகள் தானாக அசைந்ததை நான் பார்த்தேன். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவருடைய தலை இன்னும் சாய்ந்தது. காத்துக்கொண்டே இருந்தார்.

“சொல்லு,” என்றார் அந்தம்மா.

அவள் வாயைப் பொத்தியபடியே தலையை ஆட்டினாள்.

“என் பேர் தெரியும்ல உனக்கு? சொல்லு. இந்தத் தடவை எனக்குத் தெரிஞ்சே சொல்லு.”

கையை எடுத்தாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கவில்லை, ஒரு மூச்சு.

சக்கரவர்த்தி தன் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசி வரிசைவரை கேட்கிற அந்தக் குரல், ஒரு எழுத்து பிசகவில்லை. “யாரோ வந்திருக்காங்க பார். வந்து என்னன்னு கேளு,” என்றார்.

“இதோ வரேங்க,” என்றார் அந்தம்மா. அவர் எதிரிலேயேதான் நின்றிருந்தார்.